அரண்மனை இண்டைக்குப் பூட்டு

பாங்கொக்கின் மாபெரும் அரண்மனையை முதலாம் ராமா மன்னர் 1782இல் கட்டத் தொடங்கினார். இன்றைக்குத் தாய்லாந்துக்குப் போகிற எவரும் பார்க்க விரும்புகிற முதல் இடம் அதுதான். காலை எட்டரைக்குத் திறக்கும், பிற்பகல் மூன்றரை வரைக்கும் சீட்டுக் கொடுப்பார்கள். அரச நிகழ்வுகள் நடக்கிற சில நாட்களைத் தவிர வருசம் முழுக்கத் திறந்திருக்கும். ஆனாலும் அதன் மதிலோரமாக நடந்துபோகிற வெளிநாட்டுக்காரரிடம் ஆராவது ஒருவர் வந்து "அரண்மனை இண்டைக்குப் பூட்டு" என்று சொல்லுவது பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த ஒரு சின்ன வசனத்தை நம்பின கனபேர், அன்று பின்னேரமே ஆயிரக்கணக்கான டொலருக்கு நீலக்கல் வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். கோயில் பார்க்கப் போனவர் ஏன் கல் வாங்கினார்? அவருக்குக் கல்லைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதே? இந்தக் கேள்விக்கு "பேராசை" என்று ஒரு சொல்லிலே பதில் சொல்லிவிட்டுப் போகலாம். கனபேர் அப்படித்தான் சொல்லுகிறார்கள். ஆனால் இதன் பின்னாலே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றுக்குள் எங்கட இரத்தினபுரியும் பேருவளையும் காலிமுகத்திடலும் வருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாலு பாத்திரங்கள், ஒரு நாடகம்

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பாங்கொக்கில் இதற்கு ஏறக்குறைய ஒரு நிலையான கதைவசனம் உண்டு.

முதலாவது பாத்திரம் அரண்மனை மதிலோரம் நிற்கிறவர். நல்ல உடுப்பு, நல்ல ஆங்கிலம், மரியாதையான பேச்சு. "எந்த நாட்டில இருந்து வாறீங்கள்?" என்று கேட்டுவிட்டு, இன்று புத்த சமய விசேட நாள், ஒரு மணிக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள் என்று கவலையோடு சொல்லுவார். காசு கேட்க மாட்டார். கையில் இருக்கிற வரைபடத்தை வாங்கி, அதுவரைக்கும் போய்ப் பார்க்கக்கூடிய இரண்டு மூன்று கோயில்களுக்கு வட்டம் போட்டுத் தருவார். அதிலே "நிற்கிற புத்தர்" என்று ஒன்று இருக்கும். வட் இந்தரவிஹான் என்ற விகாரையில் உள்ள 32 மீற்றர் உயரச் சிலை அது. சிலை உண்மை. பார்க்க வேண்டிய சிலையும்தான்.

இரண்டாவது பாத்திரம் துக்துக் சாரதி. சரியாக அந்த நேரம் பார்த்து வருவார். எல்லா இடத்துக்கும் சேர்த்து 20 பாத் போதும் என்பார். நம்ப முடியாத மலிவு. ஆனால் உண்மையாகவே அந்தக் காசுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். வழியில் ஒரு கடைக்குப் பயணியை இறக்கினால் அவருக்குப் பெற்றோல் கூப்பன் கிடைக்கும், பயணி வாங்கினால் தரகுக்காசு கிடைக்கும்.

மூன்றாவது பாத்திரம்தான் முக்கியமானவர். கூட்டமில்லாத ஒரு சிறிய விகாரையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். அரசாங்க உத்தியோகத்தர், ஆசிரியர், வழக்கறிஞர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளுவார். சில வேளை இவர் தாய்லாந்துக்காரராகக்கூட இருக்க மாட்டார், உங்களைப் போலவே ஒரு வெளிநாட்டுப் பயணியாக இருப்பார். இவரும் எதையும் விற்க மாட்டார். பேச்சுவாக்கில், அரசாங்கம் நடத்துகிற வரியில்லாத இரத்தினக்கல் விற்பனை இன்றோடு முடிகிறது என்பார். தானும் வாங்கி, ஊருக்குக் கொண்டுபோய் இரண்டு மடங்குக்கு விற்று, அந்தக் காசிலே படித்ததாகச் சொல்லுவார்.

நாலாவது பாத்திரம் கடை. குளிரூட்டிய அறை, சான்றிதழ், ரசீது, கிரெடிட் கார்ட் இயந்திரம். "கையில் கொண்டுதிரிவது ஆபத்து, நாங்களே உங்கட வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்புறம்" என்ற கவனிப்பு வேறு. பார்சல் போனபிறகு பயணி மனம் மாறினாலும் கல் அவர் கையில் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று. கல் பெரும்பாலும் போலி இல்லை. நிசமான நீலக்கல்தான். தரம் குறைந்தது, விலை பல மடங்கு கூடியது, அவ்வளவுதான். சிலை உண்மை, மலிவான சவாரி உண்மை, கல் உண்மை. "பூட்டு" என்பதும் "அரசாங்க விற்பனை" என்பதும் "இரண்டு மடங்குக்கு விற்கலாம்" என்பதும்தான் பொய். இத்தனை உண்மைகளுக்கு நடுவிலே வைக்கப்படுகிறபடியால்தான் அந்த மூன்று பொய்யும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன.

வரலாறு படிக்கிறவர்களுக்கு முதலாம் வருசத்திலேயே சொல்லித்தருகிற ஒரு பாடம் உண்டு. ஒரு செய்தியை இரண்டு சான்றுகள் சொன்னால் அதன் நம்பகத்தன்மை கூடும். ஆனால் அந்த இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்திருந்தால் அதை ஒரே சான்றாகத்தான் எண்ண வேண்டும். பாங்கொக் நாடகத்தின் முழுப் பலமும் இந்த இடத்திலே தங்கியிருக்கிறது. மதிலோரத்து மனிசனும் விகாரையில் இருந்தவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் போலத் தெரிகிறார்கள். "இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லுகினமே, அப்ப உண்மையாத்தான் இருக்கும்" என்று பயணியின் மூளை கணக்குப் போடுகிறது. கணக்கு சரி. தனித்தனி என்பதுதான் பிழை.

திரும்பி வராத வாடிக்கையாளர்

இது பாங்கொக்கில் பிறந்த தந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. பயணம் எவ்வளவு பழையதோ, பயணியிடம் கதை விற்கிற தொழிலும் அவ்வளவு பழையது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமாத்திரா வழியாகப் போன மார்க்கோ போலோ, தன் பயண நூலில் ஒரு எச்சரிக்கை எழுதிவைத்திருக்கிறார். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த குள்ள மனிதர்கள் என்று சொல்லி மேற்கு நாட்டு வணிகர்கள் காட்டித்திரிகிற பதப்படுத்திய உடல்கள் மனித உடல்களே இல்லை, அந்தத் தீவிலே குரங்குகளின் மயிரை நீக்கி, காயவைத்து, மருந்து பூசிச் செய்கிற சாமான்கள் என்று அவர் சொல்லுகிறார். எங்களுக்குத் தெரிந்த பழைய பயண எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று.

இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். நீராவிக் கப்பலும் ரயிலும் வந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே வருசம் தோமஸ் குக் தனது முதலாவது பயணக் கூட்டத்தை எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மட்டும் வந்து, மூன்று நாள் நின்று, இனித் திரும்பி வரப்போகாத மனிதர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள்.

ஊர்ச் சந்தையில் மீன் விற்கிறவர் பழுதான மீனைத் தந்தால் நாளைக்கு நாங்கள் அவரிடம் போகமாட்டோம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுவோம். சந்தையின் நேர்மையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த "நாளைக்கு"தான். பயணிக்கும் விற்கிறவருக்கும் இடையில் அந்த நாளை இல்லை. பிழை கண்டுபிடிக்கப்படுகிற நேரம் வாங்கினவர் இன்னொரு கண்டத்தில் இருப்பார்.

எகிப்தின் லக்சோர் நகரம் இதற்கு நல்ல உதாரணம். 1873-74 குளிர்காலத்தில் நைல் நதியில் பயணம் செய்த ஆங்கில எழுத்தாளர் அமீலியா எட்வேட்ஸ் 1877இல் வெளிவந்த தன் நூலில் லக்சோரின் போலித் தொல்பொருள் தொழிலை விரிவாக எழுதியிருக்கிறார். தற்செயலாக ஒரு பட்டறைக்குள்ளேயே போய்விட்டதையும், அங்கே கருவிகளும் பாதி செய்து முடித்த பொருட்களும் கிடந்ததையும் சொல்லுகிறார். வண்டு வடிவத்தில் செய்த தாயத்துக்களை வான்கோழிக்கு விழுங்கக் கொடுத்து, அது வெளியே வரும்போது நல்ல பழமை ஏறியிருக்கும் என்று பகிடியாகவும் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே லக்சோரில் உண்மையான பொருளும் இரகசியமாக விற்பனையானது. அப்துல் ரசூல் குடும்பத்தார் தெய்ர் எல்-பஹ்ரி மலையில் அரச உடல்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு குழியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பல வருசம் விற்றார்கள். 1881இல் அதிகாரிகள் அந்த இடத்தைக் கண்டறிந்தபோது இரண்டாம் ராம்செஸ் மன்னரின் உடலே அங்கே இருந்தது. தெருவிலே விற்ற வண்டுத் தாயத்தை ஆங்கிலேயர் நம்பியதற்குக் காரணம் அவர்களின் மடத்தனம் மட்டும் இல்லை. உண்மையான தாயத்தும் அதே தெருவிலேதான் கிடைத்தது. பொய் தனியே நின்று விலைபோகாது. அதற்குப் பக்கத்தில் ஒரு உண்மை நிற்க வேணும்.

கொழும்புத் துறைமுகமும் கண்ணாடிக் கல்லும்

சூயஸ் வழியாக வந்த அதே கப்பல்கள் இலங்கைக்கும் வந்தன. முதலில் காலியில் நின்றன. 1875இல் கொழும்பில் அலைதாங்கி அணை கட்டத் தொடங்கி, 1885இல் அது முடிந்தபிறகு கொழும்பு பெரிய கப்பல் தரிப்பிடமாக மாறியது. அவுஸ்திரேலியாவுக்கும் கிழக்காசியாவுக்கும் போகிற பயணிகள் சில மணித்தியாலம் கரையிறங்கினார்கள். இரத்தினக்கல் வாங்காமல் இலங்கையை விட்டுப் போவதா?

அக்காலப் பயண நூல்களில் காலியிலும் கொழும்பிலும் பயணிகளைச் சூழ்ந்துகொள்ளும் கல் வியாபாரிகளைப் பற்றிய வர்ணனைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்கிற விலையின் சிறு பங்குக்கு முடிகிற பேரம், நீலக்கல் என்று சொல்லிக் கொடுத்த கண்ணாடித் துண்டு, இப்படிக் கதைகள். 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்ட் வெர்னோய் செயற்கைச் சிவப்புக்கல் செய்யும் முறையை அறிவித்தபின் நிலைமை இன்னும் சிக்கலானது. சில வருசங்களில் செயற்கை நீலக்கல்லும் வந்தது. இது கண்ணாடி இல்லை. வேதியியலில் உண்மைக் கல்லேதான், பூமிக்குள் இல்லாமல் உலையில் பிறந்தது. சுரங்கம் இருக்கிற நாட்டிலேயே வைத்து விற்கும்போது ஆருக்குச் சந்தேகம் வரும்?

இந்தப் பயண நூல்களைப் படிக்கும்போது இன்னொரு கவனமும் எங்களுக்கு வேணும். துறைமுகத்தில் ஒரு மணித்தியாலம் சந்தித்த நாலு தரகர்களை வைத்து, முழு முஸ்லிம் வணிக சமூகத்தையும், சில வேளை முழு இலங்கையரையும் "ஏமாற்றுக்காரர்" என்று எழுதினவர்கள் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்ச்சொல்லை மட்டும் நம்பி இலட்சக்கணக்கான பெறுமதியுள்ள கல்லைக் கைமாற்றுகிற பேருவளை வியாபாரிகளின் உலகம் அந்தப் பயணிகளின் கண்ணில் படவேயில்லை. பயணிக்கு முன்னால் வந்து நிற்கிறவர் அந்த ஊரின் பிரதிநிதி இல்லை. பயணிக்கு முன்னால் வந்து நிற்பதையே தொழிலாகக் கொண்டவர், அவ்வளவுதான். இது கொழும்புக்கும் பொருந்தும், பாங்கொக்குக்கும் பொருந்தும்.

பொய்யே சொல்லாமல் நடந்த வியாபாரம்

சரி, பாங்கொக்கில் ஏன் குறிப்பாக இரத்தினக்கல்? பட்டுத்துணியோ மரச்சிற்பமோ ஏன் அந்த இடத்துக்கு வரவில்லை?

தாய்லாந்தின் கிழக்கே கம்போடிய எல்லைக்குக் கிட்ட உள்ள சந்தபுரி, திராட் பகுதிகளில் சிவப்புக்கல்லும் நீலக்கல்லும் நீண்டகாலமாகத் தோண்டப்பட்டன. உலகத்தின் மிகச்சிறந்த சிவப்புக்கல் பர்மாவின் மொகொக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1962இல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, பின்னர் சுரங்கங்களை அரசுடைமையாக்கியதும் அந்த வாசல் கிட்டத்தட்ட மூடிக்கொண்டது. அந்த வெற்றிடத்தைத் தாய்லாந்து நிரப்பியது. ஆனால் அவர்களுடைய உண்மையான பலம் சுரங்கத்தில் இருக்கவில்லை, உலையில் இருந்தது. கல்லை எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம், எந்த வாயுச் சூழலில் சுட்டால் நிறம் திருந்தும் என்ற அறிவைச் சந்தபுரிக்காரர் வளர்த்துக்கொண்டார்கள்.

இங்கேதான் எங்கட நாடு கதைக்குள் வருகிறது. இரத்தினபுரிப் பக்கத்தில் தோண்டும்போது பால்போல மங்கலான ஒரு வகைக் கல் நிறையக் கிடைக்கும். சிங்களத்தில் அதைக் "கெவுட" என்பார்கள். ஒளி தெளிவாக ஊடுருவாது, நல்ல நிறமும் இல்லை, ஆகவே விலையும் இல்லை. அதைப் பயனில்லாத கல்லாகத்தான் எங்கட ஆக்கள் பார்த்தார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைக் குறைந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். 1600 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் சுட்டபோது, கல்லை மங்கலாக்கிய நுண்ணிய ரூட்டைல் ஊசிகள் கரைந்தன. அதிலிருந்த டைற்றேனியம் கல்லிலுள்ள இரும்போடு சேர்ந்து நீல நிறத்தைத் தந்தது. மங்கல் கல் பளிச்சென்ற நீலக்கல்லாகி உலகச் சந்தைக்குப் போனது.

இந்த வியாபாரத்தில் ஆரும் ஆருக்கும் பொய் சொல்லவில்லை. கேட்ட விலை கொடுத்தார்கள், கேட்ட கல்லைக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்துக்குத் தெரிந்த விசயம் மற்றப் பக்கத்துக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். இதை ஒருத்தரும் மோசடி என்று சொல்லுவதில்லை. கெட்டித்தனம் என்றுதான் சொல்லுவார்கள். பிறகு எங்கட ஆக்களும் உலை வைத்துச் சுடப் பழகிக்கொண்டார்கள், கெவுடவுக்கு விலையும் வந்தது. ஆனால் அந்த இடைப்பட்ட வருசங்களில் போனது போனதுதான்.

இந்த இடைவெளி நிபுணர்களையும் விழுத்தும். 2001 கடைசியில் செம்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்புக் கற்கள் தாய்லாந்திலிருந்து சந்தைக்கு அளவுக்கு மிஞ்சி வரத் தொடங்கின. அது "பத்பராட்ச" என்று அழைக்கப்படும் அரிய கல்லின் நிறம். தாமரை நிறம் என்ற பொருளில் இலங்கையிலிருந்து உலகத்துக்குப் போன பெயர் அது. இயற்கையில் மிக அரிதாகக் கிடைக்கிற கல் திடீரென்று இவ்வளவு எப்படி வந்தது? 2002 தொடக்கத்தில் அமெரிக்க இரத்தினக்கல் வணிகச் சங்கம் எச்சரிக்கை விடுத்தது. சுடும்போது பெரிலியம் என்ற தனிமத்தை வெளியிலிருந்து கல்லுக்குள் ஊடுருவச் செய்து அந்த நிறத்தை வரவழைத்திருந்தார்கள். அது வெளியே வரும்வரைக்கும் தொழில் தெரிந்தவர்களே முழு விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள்.

மதிலோரத்து நாடகத்துக்கு ஏன் இரத்தினக்கல் சரியான பொருள் என்று இப்போது விளங்கும். சட்டைப் பைக்குள் அடங்கும். பார்த்து விலை சொல்லச் சாதாரண மனிதருக்கு முடியாது. அதோடு தாய்லாந்து உண்மையாகவே உலகத்தின் பெரிய இரத்தினக்கல் மையங்களில் ஒன்று. லக்சோர்த் தெருவைப் போல இங்கேயும் பொய்க்குப் பக்கத்தில் ஒரு பெரிய உண்மை நிற்கிறது.

சட்டம் ஏன் பிடிக்கவில்லை

1960இல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 80 ஆயிரத்துக்குச் சற்று மேல். 1960களின் பிற்பாதியில் வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படையினர் ஓய்வுக்காகப் பாங்கொக்குக்கு அனுப்பப்பட்டார்கள். பையில் சம்பளம், கையில் சில நாள். அவர்களைச் சுற்றி ஒரு தெரு வியாபாரம் எழுந்தது. 1970களில் வருடப் பயணிகள் 10 இலட்சத்தைத் தாண்டினார்கள். 1987 "தாய்லாந்துக்கு வாருங்கள்" வருசமாக அறிவிக்கப்பட்டது. 2019இல் எண்ணிக்கை கிட்டத்தட்ட 4 கோடி. ஒவ்வொரு நாளும் புதுமுகங்கள், நேற்று நடந்தது தெரியாதவர்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சுற்றுலாப் பொலிஸ் என்று தனிப்பிரிவு இருக்கிறது, 1155 என்ற இலக்கத்தில் ஆங்கிலத்திலும் முறையிடலாம். அரசாங்கம் எந்த இரத்தினக்கல் கடையையும் நடத்துவதில்லை என்று சுற்றுலா அதிகார சபை எத்தனையோ தடவை அறிவித்திருக்கிறது. அரண்மனை வாசலிலேயே தந்திரக்காரரை நம்பவேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், ஒலிபெருக்கியிலும் சொல்லுகிறார்கள். பிரச்சினை என்னவென்றால், அந்தப் பலகையைக் காண வாசல்வரைக்கும் போக வேணும். நாடகமே வாசலுக்குப் போகவிடாமல் திருப்புவதில்தான் தொடங்குகிறது.

வழக்குப் போடுவதும் லேசில்லை. கடைக்காரர் சொல்லுவார்: "கல் உண்மையானது, சான்றிதழும் உண்மையானது. விலையைப் பார்த்துத்தான் வாங்கினார், ஒப்பம் வைத்தார். அரண்மனை பூட்டு என்று நாங்கள் சொன்னோமா?" சொன்னவர் கடையின் ஊழியர் இல்லை. சாரதியும் இல்லை என்பார். விகாரையில் இருந்தவர் ஆர் என்றே ஒருத்தருக்கும் தெரியாது. பொய் நாலு பேருக்குள் பிரிக்கப்பட்டிருக்கிறது. எவரைத் தனியே பிடித்தாலும் கையில் ஒரு துண்டு உண்மைதான் இருக்கும். கல் இயற்கையானதா என்று சான்றிதழ் சொல்லும், கேட்ட விலை நியாயமா என்று சொல்லாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலேதான் முழு இலாபமும் இருக்கிறது. அதில் பெரும்பங்கு கடைக்குப் போகும். வெயிலில் நாள் முழுக்க ஓடின சாரதிக்குப் பெற்றோல் கூப்பன்.

எங்கட ஊரிலும் இதே வசனம்

இதைப் படிக்கிறபோது "தாய்லாந்துக்காரர் பொல்லாத ஆக்கள்" என்று ஆருக்காவது தோன்றினால், காலிமுகத்திடலுக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ. அங்கே நடக்கிற வெளிநாட்டுக்காரரிடம் ஒருவர் மரியாதையாக வந்து கதைப்பார். கங்காராம விகாரையில் இன்றைக்குப் பெரிய யானைத் திருவிழா, இன்று மட்டும்தான், உடனே போனால் காணலாம் என்பார். ஒரு ஓட்டோ பக்கத்தில் நிற்கும். போகிற வழியில் ஒரு இரத்தினக்கல் கடையும் வரும். கடைசியில் ஓட்டோக் கூலியாகக் கேட்கிற தொகையைக் கேட்டால் தலை சுற்றும். இலங்கைக்கு வருகிறவர்களுக்கான வழிகாட்டி நூல்கள் இதைப் பற்றி எச்சரித்து எழுதுகின்றன.

கங்காராமையில் யானைகளோடு நடக்கிற நவம் பெரஹரா உண்மை. அது பெப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டி வருவது. பொய் மறுபடியும் ஒரு உண்மையின் பக்கத்திலேதான் நிற்கிறது. வசனத்தைக்கூட மாற்றத் தேவையில்லை. அங்கே "இண்டைக்குப் பூட்டு", இங்கே "இண்டைக்கு மட்டும்". இரண்டிலும் நேரத்தைத்தான் பறிக்கிறார்கள். யோசிக்கிற நேரத்தைப் பறித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

ஏமாந்தவரைப் பார்த்து "பேராசை" என்று சொல்லுகிறவர்கள் இந்தப் பகுதியைத்தான் தவறவிடுகிறார்கள். அவர் முதலில் நம்பினது இலாபத்தை இல்லை. வழி சொன்ன மனிதரை, விகாரையில் உட்கார்ந்திருந்த மனிதரை, "அரசாங்கம்" என்ற சொல்லை. இலாப ஆசை கடைசியில்தான் வருகிறது. அது வருகிறதையும் மறைக்க வேண்டியதில்லை. "இங்கே மலிவு, ஊரிலே இரண்டு மடங்கு" என்ற கணக்கு, தனக்கு விற்கிறவருக்கு அந்தக் கல்லின் உண்மையான விலை தெரியாது என்ற நினைப்பிலே நிற்கிறது. கெவுட வாங்க வந்தவர்களுக்கும் அதே கணக்குத்தான். அவர்களுக்குக் கல்லைப் பற்றித் தெரிந்திருந்தது. மதிலோரத்தில் நின்ற பயணிக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது எங்கட வயசுக்காரர் கனபேர் பாங்கொக்குக்குப் போகிறார்கள். உடுப்பு வாங்க, சுற்றிப் பார்க்க, சில பேர் முதன்முதலாக நாட்டை விட்டு வெளியே. இந்த வரலாற்றிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டு போகக்கூடியவை மூன்று.

முதலாவது, நாங்கள் தேடிப்போய்க் கேட்கிற ஆளும், எங்களைத் தேடி வருகிற ஆளும் ஒன்றில்லை. வழி தெரியாவிட்டால் பழக்கடைக்காரரைக் கேளுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேளுங்கள். நீங்கள் தெரிவுசெய்த ஆள் பெரும்பாலும் உண்மைதான் சொல்லுவார். தாய்லாந்திலும் அப்படித்தான், இலங்கையிலும் அப்படித்தான்.

இரண்டாவது, இரண்டு பேர் ஒரே கதையைச் சொன்னால் அவர்கள் இரண்டு பேரையும் உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது ஆர் என்று பாருங்கள். முதலாமவர் வரைபடத்தில் போட்ட வட்டத்துக்குள்தான் இரண்டாமவர் உட்கார்ந்திருந்தார் என்றால் அது ஒரே சான்று. கொழும்பில் இரண்டு மடங்குக்கு விற்கக்கூடிய கல்லை அவர் ஏன் தானே கொழும்புக்கு அனுப்பவில்லை என்றும் கேட்டுப் பாருங்கள். நீலக்கல் விளைகிற நாட்டுக்கு நீலக்கல் கொண்டுபோய் இலாபம் பார்க்கலாம் என்று சொல்லுகிறவருக்குத் துணிச்சல் கொஞ்சம் கூடத்தான்.

மூன்றாவது, வாங்கிவிட்டீர்கள் என்றாலும் வெட்கப்பட்டுச் சும்மா இருக்க வேண்டாம். கல்லைத் தபாலில் அனுப்ப விடவேண்டாம். நாட்டை விட்டுப் போகமுன் 1155க்கு அழையுங்கள், கார்ட் கொடுத்த வங்கிக்கும் சொல்லுங்கள். இந்த வியாபாரம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு ஏமாந்தவர்களின் மௌனமும் ஒரு காரணம். வீட்டுக்குப் போய் "நல்ல கல்லுத்தான்" என்று சொல்லிச் சமாளித்தவர்கள் எத்தனை பேரோ.

அதே நேரம், ஊருக்கு வருகிற வெளிநாட்டுக்காரரிடம் ஆரோ ஒருவர் "இண்டைக்கு மட்டும்" என்று கதை விடுவதைக் கண்டால், பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவதும் சரியில்லை. "இல்லை, இண்டைக்குத் திருவிழா ஒண்டும் இல்லை" என்று சொல்லப் பத்து செக்கன் போதும். பயணிக்கு அந்த ஊரில் இல்லாத ஒன்று, கேட்காமலே உண்மையைச் சொல்லுகிற இரண்டாவது ஆள். பாங்கொக்கில் எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைப்பாரோ தெரியாது. காலிமுகத்திடலில் அந்த ஆளாக நாங்கள் இருக்கலாம்.